பசை காயும் வரை

ஒரு சின்ன அட்டைப்பெட்டி. அதன் மேல் ஒரு விமானத்தின் படம். இரண்டு விசிறிகள் சுழல, மேகத்துக்கு நடுவே பறக்கிறது. ஆனால் பெட்டியைத் திறந்தால் உள்ளே விமானம் இல்லை. சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் சட்டங்கள்தான் இருக்கின்றன. கொத்தில் காய் தொங்குவதுபோல, சட்டத்தில் சின்னச் சின்னத் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இறக்கை, வால், சக்கரம், விமானியின் நாற்காலி, எல்லாம் தனித்தனியே.

இவற்றை வெட்டி எடுக்க வேண்டும். ஒன்றோடு ஒன்று ஒட்ட வேண்டும். அப்போதுதான் விமானம் வரும்.

இது வெறும் பொம்மை அல்ல. உண்மை விமானத்தை அளந்து, அதே அளவில் சுருக்கிச் செய்த மாதிரி. பெட்டியின் மேல் 1/72 என்று போட்டிருக்கும். அதற்கு என்ன பொருள்? உண்மை விமானத்தில் 72 அங்குலம் இருந்தால், மாதிரியில் அது 1 அங்குலம். 72 அங்குலம் என்றால் 6 அடி. ஆகவே 6 அடி உயரமுள்ள ஆள், இந்த விமானத்தில் உட்கார வந்தால் 1 அங்குல உயரம்தான் இருப்பார். கட்டை விரல் நுனி அளவு!

இங்கிலாந்தில் ஏர்ஃபிக்ஸ் என்ற நிறுவனம் 1953-இல் இப்படி ஒரு பிளாஸ்டிக் விமானத்தை விற்கத் தொடங்கியது. இன்று ஜப்பான் முதலிய நாடுகளிலும் செய்கிறார்கள். நம் நாட்டில் பெரிய நகரங்களில் கிடைக்கிறது. விலை கொஞ்சம் அதிகம்தான். தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் சேரும் மாணவர்களுக்கும், மாதிரி விமானம் செய்வது பயிற்சியில் ஒரு பகுதி.

தையல்காரர் வீட்டில்

பெங்களூரில் ஒரு தையல்காரர் வீடு என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு ஒரு மகள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். மாமா அவளுக்கு இப்படி ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தார்.

அவள் ஆசையோடு உட்கார்ந்தாள். விமானத்தின் உடல் இரண்டு பாதியாக இருந்தது. நீளவாக்கில் பிளந்த புடலங்காய் போல, இடது பாதி ஒன்று, வலது பாதி ஒன்று. இரண்டின் ஓரத்திலும் பசை தடவினாள். சேர்த்தாள். கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு நிமிடம் ஆனது. கை வலித்தது. மூக்குப் பக்கம் அழுத்தினால் வால் பக்கம் திறந்தது. வாலை அழுத்தினால் வயிறு திறந்தது. பசை விரலுக்கு அடியில் வழிந்தது. வாசலில் தோழி கூப்பிட்டாள். திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். ஒரு பாதி நகம் அளவு வழுக்கி முன்னே போய்விட்டது. பிடித்த இடத்தில் அவள் விரல் ரேகை அப்படியே பிளாஸ்டிக்கில் பதிந்துவிட்டது.

"அப்பா, பசை நல்லா இல்லை. ஒட்டவே மாட்டேங்குது" என்றாள்.

அப்பா வாங்கிப் பார்த்தார். "பசைமேல தப்பு இல்லம்மா. நீ பிடிச்சது சரியில்லை" என்றார்.

அவருக்கு விமானம் தெரியாது. ஆனால் சேர்ப்பது தெரியும். சட்டையின் கையை உடலோடு சேர்க்கும்போது அவர் உடனே மெஷினில் கொடுக்க மாட்டார். முதலில் குண்டூசி குத்துவார். அல்லது நீள நீளமாகக் கைத்தையல் ஓட்டிக்கொள்வார். துணி நகராமல் நிற்கும். பிறகுதான் மெஷின் தையல். அது முடிந்ததும் கைத்தையலைப் பிரித்து எறிந்துவிடுவார். சட்டையைப் போடுகிறவருக்கு அந்தத் தையல் இருந்ததே தெரியாது.

கை எலும்பு முறிந்தால் மாவுக்கட்டுப் போடுகிறார்களே, அதுவும் இப்படித்தான். கட்டு எலும்பை ஒட்டுவதில்லை. எலும்பு தானே சேர்கிறது. சேரும் வரை அசையாமல் பிடித்திருப்பதுதான் கட்டின் வேலை. கட்டு சரியில்லை என்றால் எலும்பு கோணலாகச் சேரும்.

இந்தப் பசை என்ன செய்கிறது?

சோற்றுப்பசை இரண்டு காகிதத்துக்கு நடுவே உட்கார்ந்து காய்ந்து, இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. பிளாஸ்டிக் விமானத்துக்கான பசை அப்படி அல்ல. அது பிளாஸ்டிக்கைக் கரைக்கிறது.

இந்த விமானங்களைப் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். பெயர் புதிதாக இருக்கலாம். பொருள் புதிது அல்ல. பெட்டிக்குள் உடையாமல் இருக்க வெள்ளையாகத் தெர்மோகோல் வைக்கிறார்களே, அதுவும் பாலிஸ்டைரீன்தான். அதில் காற்றை அடைத்து உப்ப வைத்திருக்கிறார்கள். தெர்மோகோல் மேல் ஒரு சொட்டுப் பெயின்ட் தின்னர் பட்டால் என்ன ஆகும்? அந்த இடம் உருகிக் குழியாகிவிடும். விமானப் பசையிலும் அப்படிக் கரைக்கும் நீர்தான் இருக்கிறது.

பசை பட்டதும் இரண்டு துண்டுகளின் ஓரமும் இளகுகின்றன. இளகிய இரண்டும் ஒன்றோடு ஒன்று கலக்கின்றன. பிறகு கரைக்கும் நீர் ஆவியாகிப் போய்விடுகிறது. மிஞ்சுவது பிளாஸ்டிக் மட்டும். இரண்டு துண்டு ஒரே துண்டாகிவிடும். நன்றாகச் சேர்ந்த இடத்தில் பிறகு உடைக்கப் பார்த்தால், பக்கத்தில் உடையுமே தவிர அங்கே உடையாது.

ஆனால் கலக்க வேண்டுமானால் இரண்டும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடுவே தலைமுடி அளவு இடைவெளி இருந்தாலும் அங்கே கலப்பு இல்லை. மேலே பார்த்தால் ஒட்டியது போலத் தெரியும். உள்ளே வெறும் சந்து.

மகளின் விரல் ரேகை பதிந்ததற்கும் இதுதான் காரணம். சந்து வழியே பசை ஓடி விரலுக்கு அடியில் போயிற்று. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலத்தான். அங்கே பிளாஸ்டிக் இளகியது. விரல் அழுத்தியது. முத்திரை விழுந்தது.

கொசு என்று ஒரு விமானம்

"விளையாட்டுச் சாமானுக்கா இவ்வளவு பாடு?" என்று பாட்டி கேட்டார்.

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் அந்தப் பெட்டியின் மேலேயே இருந்தது. மாமா வாங்கித் தந்த விமானத்தின் பெயர் மஸ்கிட்டோ. மஸ்கிட்டோ என்றால் கொசு. இங்கிலாந்தில் டி ஹாவிலாண்ட் என்ற நிறுவனம் செய்த போர் விமானம் அது. முதன்முதலில் 1940 நவம்பர் மாதம் பறந்தது. இரண்டு பேர் போகலாம். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்குச் சுமார் 16.5 மீட்டர். மாதிரியில் அது 23 சென்டிமீட்டர்.

அந்த விமானத்தை எதனால் செய்தார்கள் தெரியுமா? மரத்தால்!

அப்போது இரண்டாம் உலகப்போர். விமானம் செய்ய அலுமினியம் தேவை. அதற்குப் பெரிய தட்டுப்பாடு வரும் என்று பயந்தார்கள். ஆனால் மரம் இருந்தது. நாற்காலி, மேசை செய்யும் தச்சர்களும் இருந்தார்கள். ஆகவே மர விமானம். தென் அமெரிக்காவில் பால்சா என்று ஒரு மரம் உண்டு. மிகவும் லேசானது. அதை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் மெல்லிய ஒட்டுப்பலகை வைத்து ஒட்டினார்கள்.

உடலை எப்படிச் செய்தார்கள்? இடது பாதி தனி, வலது பாதி தனி! பெட்டியில் இருப்பதைப் போலவேதான். பெரிய அச்சின் மேல் பலகைகளை வளைத்து வைத்துப் பசை தடவினார்கள். மேலே இரும்புப் பட்டைகளைப் போட்டு முறுக்கி இறுக்கினார்கள். பசை காயும் வரை பட்டையை எடுக்க மாட்டார்கள். பிறகு ஒவ்வொரு பாதிக்குள்ளும் கம்பிகளையும் குழாய்களையும் பொருத்தினார்கள். கடைசியில் இரண்டு பாதியையும் சேர்த்து ஒட்டினார்கள்.

முதலில் பயன்படுத்திய பசை பாலிலிருந்து எடுத்தது. பாலைத் திரித்தால் கட்டி சேருகிறதே, அதில் இருக்கும் கேசீன் என்ற சத்துதான் பசை. ஈரம் அதிகமான இடத்தில் கேசீன் பசையில் பூஞ்சை பிடிக்கும். பின்னால் ரசாயனப் பசைக்கு மாறினார்கள்.

1944-இல் பர்மாவில் ஜப்பான் படையோடு போர் நடந்தது. அதற்காகக் கொசு விமானங்கள் இந்தியாவுக்கு வந்தன. இங்கே வெயிலும் மழையும் எப்படி என்று நமக்குத் தெரியும். அந்த ஆண்டின் பிற்பகுதியில் சில விமானங்கள் பறந்துகொண்டிருக்கும்போதே உடைந்து விழுந்தன. எதிரி சுட்டு விழவில்லை. இறக்கை பிய்ந்து விழுந்தன. உள்ளே இருந்தவர்கள் இறந்தார்கள். நவம்பரில், சோதிக்கும் வரை இவற்றைப் பறக்கவிட வேண்டாம் என்று நிறுத்தினார்கள்.

இந்தியாவின் வெப்பமும் ஈரமும்தான் காரணம் என்று முதலில் சொல்லப்பட்டது. பழியைப் போட வானிலை எப்போதும் வசதியானது! ஆனால் இறக்கைகளைச் சோதித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. இறக்கைக்குள் நீண்ட மரக்கட்டை ஓடும். வீட்டுக்கு உத்திரம் போல, எடையைத் தாங்க உதவுவது அது. அதன் மேல் ஒட்டுப்பலகையை ஒட்டியிருந்தார்கள். சில விமானங்களில் கட்டையும் பலகையும் சரியாகப் படியவே இல்லை. நடுவே இடைவெளி இருந்தது. அதாவது, தொழிற்சாலையில் ஒட்டியபோதே அந்த இடம் சேரவில்லை. வெளியிலிருந்து பார்த்த எவருக்கும் அது தெரியவில்லை.

பிறகு அந்த இணைப்பின் மேல், இறக்கையின் நீளத்துக்கு ஒரு பலகைப் பட்டையை வைத்து ஒட்டி மூடினார்கள்.

அப்பா இதைப் படித்துக்காட்டினார். பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து போய்க் கொடியில் இருந்த துணி கிளிப்புகளைக் கொண்டுவந்து பேத்தியின் முன்னால் வைத்தார். "இது உதவுமா பாரு கண்ணு."

எதனால் பிடிப்பது?

உதவியது. துணி கிளிப்பைவிடச் சுலபமான கருவி இதற்குக் கிடைக்காது. இறக்கையின் மேல் தகடும் கீழ்த் தகடும் சேரும் ஓரத்தில் வரிசையாக நான்கு கிளிப் போட்டால் போதும். கிளிப்பின் பிடி அதிகமாக இருந்தால் மெல்லிய பிளாஸ்டிக் நசுங்கும். அப்போது நடுவே ஒரு துண்டு அட்டை வைக்கலாம்.

ஆனால் உருண்டையான உடலைக் கிளிப் பிடிக்காது. வழுக்கிவிடும். அதற்கு ரப்பர் பேண்ட். மூக்கில் ஒன்று, வயிற்றில் ஒன்று, வாலில் ஒன்று சுற்ற வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. பலரும் ரப்பரை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிவிடுகிறார்கள். உடல் உள்ளே வளைந்துவிடும். இறுக்கிப் பிடிப்பது வேறு, நெரிப்பது வேறு. இரண்டு ஓரமும் தொட்டுக்கொண்டால் போதும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. ரப்பர் சந்தின் மேல் படுகிற இடத்தில் பசை அதன் அடியில் ஓடிவிடும். ரப்பரும் ஒட்டிக்கொள்ளும், கோடும் விழும். ஆகவே ரப்பர் படுகிற இடத்தை விட்டு, நடுவில் இருக்கும் இடங்களில் மட்டும் பசை வைக்க வேண்டும். காய்ந்த பிறகு ரப்பரை எடுத்துவிட்டு, விட்ட இடத்தில் வைக்கலாம்.

சுவருக்கு வண்ணம் அடிப்பவர்கள் ஓரத்தில் ஒட்டுகிற காகித டேப் இருக்கிறதே, அது மிகவும் நல்லது. துண்டு துண்டாகக் கிழித்து, சந்துக்குக் குறுக்கே தையல் போடுவது போல ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் ஒட்டி, கொஞ்சம் இழுத்து, மறுபக்கம் ஒட்டினால் இரண்டு பாதியும் நெருங்கி வரும். பிறகு தண்ணீர் போல இருக்கும் பசையைச் சிறு தூரிகையால் டேப்புகளுக்கு நடுவே தொட்டு வைத்தால் போதும். அது தானே சந்துக்குள் ஓடும். முன்பு கெடுதல் செய்த அதே ஓட்டம் இப்போது வேலை செய்கிறது!

இதில் எது செய்தாலும் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அவசரக்காரர்கள் விடுவது அதைத்தான். பசை இல்லாமல் ஒரு முறை பொருத்திப் பார்க்க வேண்டும். தையல்காரர் சட்டையை முழுதும் தைக்கும் முன் ஆள் மேல் வைத்துப் பார்ப்பது போல. இறக்கை துளைக்குள் போகிறதா? வெட்டிய இடத்தில் பிசிறு இருக்கிறதா? இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். விமானியின் நாற்காலியை உள்ளே வைத்தாயிற்றா? மூடிய பிறகு நினைவு வந்தால் பயன் இல்லை. கிளிப்பையும் ரப்பரையும்கூடப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். பசை தடவிய பிறகு ரப்பர் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

இறக்கையை உடலோடு சேர்ப்பதுதான் கடினம். இங்கே கிளிப்புக்கும் ரப்பருக்கும் பிடிக்க இடம் இல்லை. இறக்கை தன் எடையாலேயே தொங்கும். பல விமானங்களில் இறக்கை நேர்கோடாக இருக்காது. நுனி சற்று மேலே தூக்கியிருக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவு தூக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு தோள் இறங்கிய ஆள் போல இருக்கும். அதற்குத் தீப்பெட்டி போதும். சமமான மேசையில் விமானத்தை வைத்து, இரண்டு இறக்கை நுனிக்கும் கீழே தீப்பெட்டிகளை அடுக்க வேண்டும். உயரம் போதாவிட்டால் இடையே காகிதத்தை மடித்து வைக்கலாம். பிறகு எதிரே குனிந்து, கண்ணை மேசை மட்டத்துக்கு வைத்துப் பார்க்க வேண்டும். சுவர் கட்டும் கொத்தனார் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நூல் பார்ப்பாரே, அதே பார்வை. சரியாக இருந்தால் அப்படியே விட்டுவிட வேண்டும். மேசையை யாரும் ஆட்டக் கூடாது.

எவ்வளவு நேரம்? சில நிமிடங்களில் பிடித்துக்கொள்ளும். ஆனால் பிடிப்பது வேறு, காய்வது வேறு. ஒரு ராத்திரி முழுவதும் விடுவது நல்லது. பசையை அதிகமாக வைத்தால் சீக்கிரம் ஒட்டும் என்று நினைப்பது தப்பு. அதிகமானால் பிளாஸ்டிக் நெடுநேரம் இளகியே இருக்கும், வடிவமும் கெடும்.

விமானி உட்காரும் இடத்தின் மேல் கண்ணாடி போன்ற மூடி வரும். அதுவும் பிளாஸ்டிக்தான். அதற்கு இந்தப் பசை வேண்டாம். பட்ட இடம் மங்கிவிடும். ஒரு நொடியில் ஒட்டும் பசையும் வேண்டாம். அதன் ஆவி பட்டுக் கண்ணாடி பனி படிந்தது போல வெளுத்துவிடும். தச்சர்கள் மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசையே போதும். மெல்ல ஒட்டும், காய்ந்தால் நிறம் தெரியாது. வழிந்தால் ஈரத்துணியால் துடைக்கலாம்.

பசையின் நெடி நல்லதல்ல. சன்னலைத் திறந்துவைத்து வேலை செய்ய வேண்டும். அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் பக்கத்தில் கூடாது. சட்டென்று தீப்பிடிக்கும். நொடியில் ஒட்டும் பசை விரல்களை ஒட்டிவிட்டால் பிய்க்கக் கூடாது. தோல் கிழியும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல உருட்டினால் விடும். கண்ணில் பட்டால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் பசையையும் பிளேடையும் உயரத்தில் வைக்க வேண்டும்.

மறுநாள் காலை

மகள் வழுக்கிப்போன பாதியை மெல்லப் பிரித்து எடுத்தாள். நல்லவேளை, முழுதும் காயவில்லை. ஓரத்தைத் தேய்த்தாள். பசை இல்லாமல் பொருத்திப் பார்த்தாள். வால் பக்கம் உள்ளே ஒரு பிசிறு தடுத்தது. அதை நீக்கினாள். டேப் ஒட்டினாள். இடையிடையே பசை தொட்டாள். மூக்கில் ஒரு ரப்பர். அப்படியே அலமாரி மேல் வைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக டேப்பை உரித்தாள். வயிற்றுப் பக்கம் நகத்தால் தடவிப் பார்த்தாள். ஓரிடத்தில் மட்டும் நகம் தட்டியது. மற்ற இடத்தில் சந்து இருந்ததே தெரியவில்லை.

"அப்பா, இங்க பாருங்க!"

அப்பா விமானத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தையலைப் பார்ப்பது போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். விரல் ரேகை பதிந்த இடத்தைக் காட்டி, "இதையும் தேய்ச்சிடு" என்றார்.

"இன்னிக்கு இறக்கை ஒட்டணும். கிளிப் எல்லாம் எனக்கு வேணும் பாட்டி."

"அப்ப துணிக்கு?"

அந்த ஞாயிற்றுக்கிழமை வரை அந்த வீட்டில் துணியெல்லாம் கொடியில் முடிச்சுப் போட்டுத்தான் காய்ந்தது.